இரண்டு எட்மண்டுகள்

"டேய், நான்தான்டா இளவரசன் எட்மண்ட்!" என்று கத்தினான் நெட்டையன்.

"நீ எட்மண்டுன்னா நான் யாரு, அவன் குதிரையா?" என்றான் குட்டையன்.

லண்டன் கோட்டைச் சிறையில் இருவரையும் ஒரே அறையில் அடைத்தது காவலர்களுக்கு நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. செத்துப்போன பழைய ராஜாவின் காணாமல் போன மகன் தான்தான் என்று சொல்லி, ஆளுக்கொரு படை திரட்டி, ஆளுக்கொரு போரில் தோற்றுப் பிடிபட்டவர்கள். இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொன்னதால் காவலர்கள் உயரத்தை வைத்து அழைத்தார்கள்.

கதவு திறந்தது. அரண்மனை அதிகாரி உள்ளே வந்தார். அவர் பின்னால் மாபெல். எட்மண்டைச் சிறு வயதில் வளர்த்த செவிலித்தாய்.

"இந்தம்மா அடையாளம் காட்டுவாங்க. பொய் சொன்னவனுக்கு அரண்மனை அடுப்படியில வேலை. நிஜ இளவரசனுக்குத் தலை போகும். நாட்டுக்கு ஒரு ராஜா போதும்" என்றார் அதிகாரி.

நெட்டையன் சட்டென்று ஓரடி பின்வாங்கினான்.

"ஐயா, இவர்தாங்க இளவரசர்!" நெட்டையன் குட்டையனைக் காட்டினான்.

"ஐயையோ, நான் இல்லீங்க! அவர் மூஞ்சியைப் பாருங்க, ராஜகளை சொட்டுது!" என்றான் குட்டையன்.

மாபெல் நெட்டையனை ஏற இறங்கப் பார்த்தாள். "இவன் இல்ல."

குட்டையனின் முகத்தை அதிக நேரம் பார்த்தாள். பிறகு பளாரென்று ஓர் அறை விட்டாள்.

"திருட்டு நாயே! எம் புள்ள பேரைச் சொல்ல உனக்கு வாய் கூசல?"

அதிகாரியே சிரித்துவிட்டார். அவள் யாரையும் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள்.

மத்தியானம் இருவரும் அரண்மனைச் சமையலறையில் உட்கார்ந்து வாத்துகளுக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். உயிர் தப்பிய சந்தோஷம் நெட்டையனுக்குத் தாங்கவில்லை. தன் அப்பா பிரிஸ்டலில் தோல் பதனிடுகிறவர் என்றான். பெரிய பெரிய பிரபுக்கள் தன் முன்னால் மண்டியிட்டதை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது என்றான்.

குட்டையனின் கன்னம் இன்னும் சிவந்திருப்பதை அப்போதுதான் கவனித்தான்.

"கிழவி ரொம்ப பலமா அடிச்சிடுச்சுல்ல?"

குட்டையன் கன்னத்தை மெதுவாகத் தடவிக்கொண்டான்.

"இது பரவாயில்ல. சின்ன வயசுல இதைவிட பலமா அடிப்பா."

நெட்டையனின் கை நின்றது. வாசல் பக்கம் காவலன் நிற்கிறானா என்று பார்த்தான்.

பிறகு குட்டையன் மடியிலிருந்த வாத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு இறகு பிடுங்கத் தொடங்கினான்.