ஏழாவது ஆள்

பழவேற்காடு ஏரிக்கரையில், முழங்கால் அளவுத் தண்ணீரில் டாக்டர் ஸத்யபாமா நிற்கிறாள். புடவைக் கொசுவம் நனைந்து கனப்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. வயிற்றில் பெருந்தமனி வீங்கி வெடிக்க இருந்த ஏழு பேருக்கு, வீங்கிய இடத்தை நீக்கிவிட்டு டெரிலின் துணிக்குழாய் வைத்துத் தைத்த ஆராய்ச்சி அவளுடையது. ஓராண்டுப் பரிசோதனைக்கு ஆறு பேர் சென்னைக்கு வந்துபோய்விட்டார்கள். மூன்று கடிதம் போட்டும் வராத ஏழாவது ஆள் திருமலை. இறந்திருப்பார் என்று அவள் நோட்டில் பென்சிலால் குறித்துவைத்த அந்தத் திருமலை, இதோ, வெயிலில் முதுகு பளபளக்கப் படகில் நின்று கோல் ஊன்றி வருகிறார். அவரை நோக்கி ஓடப்போனவளை அவர் மனைவி குப்பாயி இறால் கூடையோடு குறுக்கே வந்து மறிக்கிறாள். "ஆராய்ச்சிக்கு வான்னு கடுதாசில போட்டுக்குது. உள்ள வெச்ச சீமைத் துணிய அறுத்து எடுத்துக்கினு போவத்தானே கூப்புடுறீங்கோ? குடுக்கமாட்டேம்மா!" ஸத்யபாமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகின்றன. "அது இனிமே அவரோடதும்மா. அது வழியா ரத்தம் நல்லா இறங்குதான்னு கால்ல நாடி மட்டும் பாக்கணும்." அருகில் வந்து நின்ற படகின் விளிம்பில் தயங்கித் தயங்கித் திருமலையின் ஒரு கால் நீள்கிறது. சேறும் மீன் செதிலும் ஒட்டிய அந்தப் புறங்காலில் அவள் இரண்டு விரல்களை வைக்கிறாள். உள்ளிருந்து திடமாக, துள்ளலாக, துடிப்பு விரல்களைத் தள்ளுகிறது. "இங்க வந்து தொட்டுப் பாருங்க!" என்று கத்தியே விடுகிறாள். குப்பாயி விரலை வைக்கிறாள். இடுப்புக் கூடை நழுவித் தண்ணீரில் விழ, இறால்கள் நாலாபக்கமும் தெறித்து ஓடுகின்றன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாய்யா இது, இந்தக் குதி குதிக்குது! அந்தக் காலயும் குடுய்யா!"