முருகம்மாளின் முதல் திருவிருந்து

கர்த்தருடைய பந்தியில் முந்தினவர் என்றும் இல்லை, பிந்தினவர் என்றும் இல்லை. தாராவித் தமிழ்ச் சபை இன்றைக்கு அதைப் பம்பாய்க்கே காட்டப் போகிறது என்று போதகர் வேதமாணிக்கம் அறிவித்தார்.

காட்டுவதற்காக முருகம்மாளை முதல் ஆளாகக் கூப்பிட்டார்.

அவளுக்குப் பின்னால் யாரும் எழுந்திருக்கவில்லை.

திராட்சரசத்துக்கு எல்லோருக்கும் ஒரே பாத்திரம். அவள் வாய் வைத்த இடத்தில்தான் அடுத்தவர் வாய் வைக்க வேண்டும். முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்துத் தும்மிப் பார்த்தார். அது பலருக்கும் பிடித்துப்போய், பின்வரிசை வரைக்கும் இருமல் கேட்டது.

காமாட்டிபுரா விபசார விடுதியிலிருந்து அவளை மீட்டு வந்தது இந்தச் சபையின் கமிட்டிதான். பழசை எல்லோரும் மறந்துவிட வேண்டும் என்று, ஞானஸ்நானத்தில் அவளுக்கு, மனந்திரும்பிய வேசி என்று பேர்பெற்ற மகதலேனாளின் பெயரை வைத்ததும் கமிட்டிதான். செம்பூரில் அவளைத் தங்கவைத்திருக்கும் இல்லத்துக்கு, அவளுடைய பாதுகாப்பை முன்னிட்டு, வெளிப்பக்கம் பூட்டு.

இன்று திருவிருந்து எடுத்துவிட்டால் அவள் சபையின் ஆள். சபை டிஸ்பென்சரியில் ஆயா வேலை, பூட்டு இல்லாத ஓர் அறை. எடுத்தாளா என்று பார்த்துச் சொல்ல, கமிட்டிச் செயலாளர் ஞானசிகாமணி பீடத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முருகம்மாள் மண்டியிட்டாள். அப்பத்தை விழுங்கினாள். பாத்திரம் வந்தது.

உள்ளே சிவப்பாக இருந்தது.

பம்பாயில் வந்து இறங்கிய அன்று, வி.டி. ஸ்டேஷனில் ஓர் அக்கா இதே சிவப்பில் கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். ஊர்ப் பேச்சு, கனிவான முகம். தானும் ஒரு மடக்குக் குடித்த மாதிரித்தான் காட்டினாள். முருகம்மாள் கண்விழித்த அறைக்கு ஜன்னல் இல்லை.

போதகரும் முதலில் குடித்தார்தான். ஆனால் பீடத்தைப் பார்த்து நின்று குடித்தார். தெரிந்தது முதுகு மட்டும்.

இப்போது கனிவான முகத்தோடு குனிகிறார். சபை முழுக்க அவள் வாயையே பார்க்கிறது. ஒருவரும் குடிக்க வரவில்லை.

"எய்யா, மொதல்ல அவுகல்லாம் குடிக்கட்டும். பெறவு நான் குடிக்கேன்."

கோயிலில் இருமல் நின்றது.

"என்ன தாழ்மை பாத்தியளா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்த ஞானசிகாமணியின் மனைவி, பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள். "நவுருங்க, வழிய விடுங்க."

பீடத்தை நோக்கி அப்படி ஒரு நெரிசல் ஈஸ்டருக்குக்கூட வந்ததில்லை. மதுவிலக்கு நாள்கள், சபைக்கு பெர்மிட்டில் கிடைத்த திராட்சரசத்தில் மிச்சம் இருந்ததே அரைப் புட்டிதான். வழக்கமாக உதட்டை மட்டும் நனைத்துக்கொள்கிறவர்கள், அன்று வந்த நிம்மதியில் நன்றாகவே குடித்தார்கள்.

முருகம்மாள் ஓரமாக மண்டியிட்டபடி ஒவ்வொரு தொண்டையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் இறங்கின. யாரும் மயங்கி விழவில்லை.

கடைசியாகப் போதகர் அவளிடம் திரும்பி வந்தார். பம்பாய்க்கு வந்தபின் முதல் தடவையாக, இன்னொருவர் நீட்டியதற்கு அவள் பயமில்லாமல் வாயைத் திறந்தாள்.

பாத்திரம் காலி.

போதகர் உள்ளே பார்த்தார். அவளும் பார்த்தாள். ஞானசிகாமணி நாற்காலியிலிருந்து எட்டி, அவளைப் பார்த்தார்.

போதகர் பாத்திரத்தைச் சாய்த்தார். முருகம்மாள் அண்ணாந்து, தொண்டை அசைய ஒரு மடக்கு விழுங்கினாள். குடித்த மாதிரிக் காட்டுவது எப்படி என்று அந்த அக்காவிடம் பார்த்திருந்தாள்.

ஞானசிகாமணி திருப்தியாகத் தலையசைத்தார்.

போதகர் வெள்ளைத் துணியை எடுத்து, பாத்திரத்தின் விளிம்பை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

அவள் உதடு அதில் படவே இல்லை.