நம்பத்தகாதவள்

“அழாதே கண்ணு. வேலைதானே போச்சு, உயிரா போச்சு?”

ஹதியா பருப்பு சூப்பை மகள் பக்கம் நகர்த்தினாள். ரீம் அதைத் தொடவில்லை.

வாஷிங்டனில், உளவுத்துறையில், அரபு மொழிபெயர்ப்பாளர் வேலை. கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த அதிகாரி, “எல்லா இனத்தவரும் எங்களுக்கு வேண்டும், உன்னைப் போன்றவர்கள் கட்டாயம் வேண்டும்” என்று கை குலுக்கிவிட்டுப் போனார். அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அவளைக் குடைந்து குடைந்து விசாரித்தார்கள். இன்று காலை போனிலேயே கதையை முடித்துவிட்டார்கள்.

“என்னதான் காரணம் சொன்னானுங்க?”

“நான் பொய் சொல்றவளாம்! சிரியாவுல, அலெப்போவுல சித்தி இருக்காங்க, வாராவாரம் பேசுவோம்னு எல்லாத்தையும் நானே சொன்னேன்.”

“அதையெல்லாம் போய் யாராச்சும் சொல்லுவாங்களா?”

“சொல்லித்தான் ஆகணும்மா! ஆனா விசாரிச்ச இடத்துல வேற மாதிரி சொன்னாங்களாம். இனிமே எந்தப் பாதுகாப்பு வேலைக்கும் என்னைக் கிட்டவே சேர்க்க மாட்டாங்க.”

“நாசமாப் போறவனுங்க!”

“என் பேரு வெள்ளைக்காரி மாதிரி பிரவுன்னு இருந்தா இப்படிப் பண்ணியிருப்பானுங்களா? விளம்பரத்துல போட மட்டும் நம்ம மூஞ்சி வேணும்!”

படித்த படிப்பு, காத்திருந்த காலம் எல்லாம் பாழ். ரீம் விருட்டென்று எழுந்து கோட்டை மாட்டினாள்.

“எல்லாம் அந்த எதிர்வீட்டுக்காரி வேலை. நாம அரபில பேசினாலே முறைப்பா. அவதான் எதையோ கொளுத்திப் போட்டிருக்கா. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்.”

ஹதியா ஓடிவந்து கதவை மறித்தாள்.

“அவளை எதுக்குத் திட்டறே, பாவம்! உன்னைப் பத்தி விசாரிக்க வந்தவன் அங்கே போகவே இல்ல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நேரா நம்ம வீட்டுக்குத்தான் வந்தான். நீ காலேஜுக்குப் போயிருந்தே. நீ பயந்துடுவியோன்னுதான் உன்கிட்ட சொல்லல.” ஹதியா மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். “நான் இருக்கிறப்ப உன்னை விட்டுடுவேனா? ‘எங்களுக்கு அங்கே ஒருத்தரும் இல்ல, என் பொண்ணு யார்கூடவும் போன் பேசறதே இல்ல’ன்னு அல்லா மேல சத்தியம் பண்ணி அனுப்பிட்டேன். ஊர்ல உங்க அப்பாவைப் பத்தி போலீஸ் விசாரிக்க வந்தப்பதான், ஏமாந்துபோய் உண்மையைச் சொல்லி அவரைத் தொலைச்சேன்.”