காதுக்கு வரிவிலக்கு

ஒஸ்லோவில் டாக்ஸி ஓட்டும் குகதாசனுக்கு, காதுக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பி சொன்னால்தான் அந்த ஊர்ப் பேச்சு புரியும். அங்கேயே பிறந்த மகள் அபிராவுக்கோ தமிழ் விளங்கும், பேச வராது.

"காது மொழிபெயர்ப்பியின்ர மாதச் சந்தாவை முழுக்கத் தொழில் செலவெண்டு போடுங்கோ அண்ணை, வரி பாதியாக் குறையும்" என்றார் கணக்காளர். போட்ட நாளிலிருந்து அது பயணிகள் பேசுவதை மட்டுமே மொழிபெயர்த்தது.

"வருசம் முடியுமட்டும் மாத்தேலாது அண்ணை" என்று கணக்காளர் கைவிரித்தார்.

அன்று பள்ளிக்கூடத்திலிருந்து அபிரா கன்னத்தில் கீறலோடு அழுதுகொண்டே வந்தாள். குகதாசன் அவளை டாக்ஸியின் பின் இருக்கையில் ஏற்றி மீட்டரைப் போட்டார்.

"இப்பச் சொல்லு பிள்ளை, ஆர் அடிச்சது?"

அவள் அந்த ஊர்ப் பேச்சில் விம்மி விம்மிச் சொன்னாள்.

"பயணி உங்கள் மகள். இது சொந்தப் பயணம்" என்றது காது.

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தபடி, எல்லாம் விளங்கியவர்போல அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.