கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை

கழுத்து வலி உயிரை எடுத்தது தாடியஸ் கிரென்ஷாவுக்கு. பிலடெல்பியா கனவான்கள் இப்படித்தான் கட்டுவார்களாம். கஞ்சி போட்ட பட்டையைத் தாடைவரை இறுக்கி அனுப்பியிருந்தாள் அவன் மனைவி லவினியா.

"பின்னால திரும்பி ஆள் எண்ணாதீங்க. அது கடைக்காரன் புத்தி" என்று சொல்லியும் விட்டிருந்தாள்.

அவள் கணக்குப்படி இன்று ஊர்ப்படைக்குக் கேப்டன், அடுத்த வருஷம் நீதிபதி, அப்புறம் சட்டசபை. கென்டக்கிக் காட்டில் மரம் வெட்டிச் சாக அவள் வரவில்லை.

புல்வெளியில் போட்டியாளர் இருவரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். யாருக்குப் பின்னால் வரிசை நீளமோ அவன்தான் கேப்டன். எதிராளி கொல்லன் ஜூபல் ஸ்ட்ரவுட், வெறுங்கால். தாடியஸ் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு பீப்பாய் விஸ்கியைத் திறந்து வைத்திருந்தான்.

"என்ன ஜூபல், சரக்கு ஒண்ணும் இல்லையா?"

"எங்க நேரம்? நேத்து பூரா ஈனாக் பெரியவர் நிலத்துல வெட்டின மரத்தை உருட்டினோம். ஊரே வந்துச்சு. உன்னைத்தான் காணோம்."

"கேப்டனாகப் போறவன் கட்டை உருட்டுவானா?"

"உன் காட்டுல மரம் உருட்டினப்ப அந்தக் கிழவரும் வந்து தோள் கொடுத்தாரே."

"நீங்கள்லாம் உருட்டிப் பழகின ஆளுங்கய்யா."

மேளம் ஒலித்தது. "வரிசை கட்டுங்கப்பா!" என்றார் படை அதிகாரி.

தாடியஸின் முதுகுக்குப் பின்னால் திமுதிமுவென்று காலடிகள்.

"தள்ளுடா, நான்தான் முன்னால வந்தேன்!"

"கேப்டன் சரக்குன்னா சும்மாவா!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான் தாடியஸ். ஒரு குவளைக்கு விலைபோகிற ஜென்மங்கள். இவர்களை ஆள்வது எவ்வளவு சுலபம்!

யாரோ பீப்பாயைக் கவிழ்த்துத் தட்டினார்கள். மறுபடி காலடிகள். பிறகு அமைதி. அடங்கி ஒழுங்காக நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அதிகாரி எண்ணி முடித்தார்.

"ஜூபலுக்கு நாப்பத்தேழு. கிரென்ஷாவுக்கு ஒண்ணு."

பட்டை இறுக்கியதில் கழுத்து திரும்பவில்லை. உடம்போடு திரும்பினான் தாடியஸ். காலிப் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஈனாக் கிழவர் மட்டும் நின்றிருந்தார்.

"பெரியவரே, நீங்களாவது எனக்கு ஓட்டுப் போட்டீங்களே!"

"இந்த வயசுல எனக்குப் படையில ஏதுப்பா ஓட்டு? நிக்கிறதைப் பார்த்துத் தப்பா எண்ணிட்டாரு" என்ற கிழவர் கையிலிருந்த கடப்பாரையை அவனிடம் நீட்டினார்.

"ஒரு நாள் மரம் உருட்டற வேலை நீ எனக்குப் பாக்கி."