முன்னவர் வெட்டிய குழி

மூலையில் கிடந்த பலகையைத் தூக்கியதும் மருந்துக்கடைக்காரனுக்கு வயிறு எரிந்தது.

பலகைக்கு அடியில் ஒரு குழி.

ஏனோதானோவென்று தோண்டிய குழி இல்லை. நிலவறையின் சிமென்ட் தரையை வட்டமாக வெட்டி, முழங்காலுக்கு மேல் ஆழமாகத் தோண்டி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டிரம்மை உள்ளே இறக்கி, சுற்றிலும் சரளைக்கல் கொட்டி, விளிம்பை வழவழவென்று பூசியிருந்தது. சுவரடியில் கசிகிற தண்ணீர் தானாக வந்து விழும்படி தரையில் லேசான சரிவு வேறு.

இப்படி ஒரு குழியை வெட்டத்தான் அவன் கடையைச் சாத்திவிட்டு, தரை உடைக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வந்திருந்தான். அது வேலையில்லாமல் சுவரோரம் சாய்ந்து நின்றது.

யார் செய்த வேலை என்று கேட்கவே வேண்டாம். முன்னவர்.

முன்னவர் என்பது மனைவியின் முதல் கணவருக்கு அவன் மனசுக்குள் வைத்திருந்த பெயர். அவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. இவன் அவளைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தில் ஒரு ஆணி அடிக்கக்கூட முன்னவர் இவனுக்கு இடம் விடவில்லை.

சமையலறை அலமாரி நூல் பிடித்தாற்போல் நின்றது. எந்தக் கதவும் முனகவில்லை. குழாய் சொட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் அந்த மனுஷனின் கைநேர்த்தியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். சொல்லி முடித்ததும் அவர் கண் தானாக இவன் கைக்கு வரும். மாத்திரை எண்ணிப் பழகிய கை.

உயிரோடு இருக்கிற ஆளென்றால் என்றைக்காவது சறுக்குவான் என்று காத்திருக்கலாம். போய்ச் சேர்ந்தவர் எங்கே சறுக்குவது?

அதனால்தான், இந்த மழைக்கு நிலவறையில் தண்ணீர் ஏறியபோது அந்த வீட்டில் உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவன். முன்னவர் விட்டுவிட்டுப் போன வேலை ஒன்று கடைசியில் அகப்பட்டது. மோட்டார் வாங்கி வந்தான். அந்த மூலையை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாமே என்று மனைவி இழுத்தாள். எல்லாம் எனக்குத் தெரியும், நீ மேலே இரு என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

இறங்கிப் பார்த்தால், இதிலும் அந்த ஆள் முந்திக்கொண்டிருந்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு மோட்டாரைக் குழியில் இறக்கினான். பைப்பை மாட்டினான். போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற வால்வை நடுவில் பொருத்தினான். பைப்பின் மறுமுனையைச் சின்ன ஜன்னல் வழியாக வெளியே நீட்டினான். சுவிட்சைப் போட்டான்.

மோட்டார் உறுமியது. தண்ணீர் அசையவில்லை.

பைப்பைத் தட்டினான். பிளக்கைப் பிடுங்கிச் செருகினான். மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது, குழி நிரம்பிக்கொண்டே வந்தது.

சத்தம் கேட்டு மனைவி இறங்கி வந்தாள். குழியருகே குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். வால்வு தலைகீழாக இருக்கிறது, அதிலிருக்கும் அம்புக்குறி மேலே பார்க்க வேண்டும் என்று தணிந்த குரலில் சொன்னாள்.

அவனுக்குக் காதுவரை சூடேறியது.

"அவர் சொல்லிக் கொடுத்தாரா?"

கல்யாணத்துக்குப் பிறகு அந்த மனுஷன் அவர்கள் பேச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் அதற்குள் சுவிட்சை அணைத்து ஸ்பானரை எடுத்திருந்தாள். வால்வின் இரண்டு பக்கமும் மரையைத் தளர்த்தி, திருப்பிப் போட்டு, இறுக்கினாள். கை தடுமாறவே இல்லை.

"அவருக்கா?" சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "திருகாணியை எந்தப் பக்கம் சுத்தணும்னே அவருக்குத் தெரியாதுங்க. இந்தக் குழி நான் வெட்டினது."

அலமாரியும் அவள்தான். கதவுகளும் குழாயும் அவள்தான். மோட்டார் வாங்குவதற்குள் அவர் நோயில் படுத்துவிட்டதால் குழியைப் பலகை போட்டு மூடிவிட்டாள். ஊர் அவரைப் புகழும், அவர் திருதிருவென்று விழிப்பார், இரண்டு பேரும் வீட்டுக்குள் வந்து சிரித்துக்கொள்வார்கள். அவர் போன பிறகு அந்தப் புகழைத் திருப்பி வாங்க அவளுக்கு மனசு வரவில்லை. இவன் ஆசை ஆசையாகச் சுத்தியலைத் தூக்கியபோது, இவனிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

அவளே சுவிட்சைப் போட்டாள். களக் களக்கென்று தண்ணீர் பைப்பில் ஏறி ஜன்னலைத் தாண்டி விழுந்தது.

ஒரு வருஷப் பாரம் அவன் நெஞ்சிலிருந்து இறங்கியது. அலமாரி, கதவு, குழாய், ஒன்றுகூட அந்த ஆளுடையது இல்லை. வாய்விட்டுச் சிரிக்கலாம் போலிருந்தது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டான், நீ வேலை செய்கிறபோது அவர் என்ன செய்வார் என்று.

அவள் ஸ்பானரைத் துணியில் துடைத்தபடி படிக்கட்டைப் பார்த்தாள்.

"அந்தப் படியில உட்கார்ந்து ஏதாவது பேசிட்டே இருப்பார். வேலை முடியறதே தெரியாது."

சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகத்தை இந்த ஒரு வருஷத்தில் அவன் பார்த்ததே இல்லை.

கைநேர்த்தி என்றால் என்றைக்காவது பழகிக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

அவள் திரும்பிக் குனிந்து, பைப்பைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்க இரும்புப் பட்டை அடிக்க ஆரம்பித்தாள். அவன் போய்ப் படியில் உட்கார்ந்தான். பேச என்ன இருக்கிறது என்று தேடினான்.

"நேத்துக் கடைக்கு ஒருத்தர் வந்தார்," என்று ஆரம்பித்தான். மோட்டார் சத்தத்தில் பாதி அமுங்கிப் போயிற்று. இன்னும் உரக்கச் சொன்னான்.

அவள் நிமிராமலே "ம்" கொட்டினாள்.