சகலையின் வண்டி

“நிமிர்ந்து நின்னாக்கூட அதோட கண்ணாடி உயரம் வரமாட்டான். இவனுக்கு எதுக்கு இந்த யானை?”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார் ஏணியார். மாமனார் வைத்த பட்டப்பெயர் அது. மூத்த மாப்பிள்ளை எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்வார், அதனால் ஏணி. இளைய மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் ஆடும், அதனால் கடுகு. ஒரே கட்டடத்தில் இவர் மாடி, அவர் கீழ்வீடு.

யானை என்றது, கடுகு வாங்கி வந்திருந்த மோட்டார் சைக்கிளை. நாடு விட்டு நாடு போகிறவர்கள் ஓட்டுகிற ரகம். அது உறுமினால் மொட்டை மாடியில் காய்கிற துணி தானே உதறிக்கொள்ளும் என்று தெருவில் பேச்சு.

“உங்களுக்கு ஏங்க வயிறு எரியுது?” என்றாள் மனைவி.

“எனக்கென்ன எரியுது? விழுந்து வாரினா யாரு தூக்குறதுன்னு யோசிக்கிறேன்.”

எரியத்தான் செய்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் ஏங்கிய வண்டி அது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப் போட்டதில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், வண்டி வரவில்லை. ஆனால் வாங்காத அந்த வண்டியில் எந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பது வரை அவருக்கு மனப்பாடம்.

கடுகு கிளம்பினால் கட்டடத்தில் பாதிப் பேர் ஜன்னலில் நின்றார்கள். ஏணியாரும் இத்தனை வருஷமாக இதே வாசலில்தான் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புகிறார். ஒரு காக்கா திரும்பிப் பார்த்ததில்லை.

ஒரே ஆறுதல், தெருமுனை சிக்னலில் கடுகுக்குப் பெருவிரல் நுனிதான் தரையில் பட்டது. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் கயிற்றின் மேல் நிற்பவர் மாதிரி தத்தளித்தார். ஏணியார் மாடியிலிருந்து அதை ரசித்தபடி காபி குடித்தார்.

அந்தக் காபியிலும் மண் விழுந்தது. வண்டி பட்டறைக்குப் போய், சீட்டின் பஞ்சைச் செதுக்கி, பின்பக்க சஸ்பென்ஷனையும் முன் ஃபோர்க்கையும் இறக்கி, மொத்த உயரமும் குறைந்து வந்தது. கடுகின் இரண்டு பாதமும் இப்போது தரையில் சப்பென்று உட்கார்ந்தன.

“அண்ணே, வந்து பாருங்க! பூமியே என்கிட்ட வந்துருச்சு!”

“வர்றேன், வர்றேன்” என்று இறங்கி வந்த ஏணியாரின் கண், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, சைடு ஸ்டாண்டில் போய் நின்றது.

வண்டியை இறக்கியவர்கள் ஸ்டாண்டைக் குட்டையாக்கவில்லை. இடப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி, அட்டென்ஷனில் நிற்கும் சிப்பாய் மாதிரி விறைத்து நின்றது. இடப்பக்கமிருந்து லேசாகத் தள்ளினால் போதும், வலப்பக்கம் விழும்.

சொல்லிவிடத்தான் வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி, “தம்பி, என்னையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்களேன்!” என்று ஆசையாகக் கேட்டுவைத்தாள்.

எடுத்த வாய் மூடிக்கொண்டது. ‘விழட்டுமே. நாலு பேர் எதிர்ல ஒரு தடவை விழட்டும். அப்பத்தான் அடங்குவான்.’

விழவில்லை. கடுகு தினமும் சுவரை ஒட்டிப் பார்த்துப் பார்த்து நிறுத்தினார். ஏணியாருக்குத் தூக்கம் போயிற்று. விழுந்துவிடுமோ என்று பாதி, விழாமலே போய்விடுமோ என்று மீதி.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டு வாசலில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. ஃபோட்டோ எடுக்க வேண்டுமென்று கடுகு வலப்பக்கம் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைத் துடைத்தார். அவர் மனைவி இடப்பக்கம் நின்று டேங்கைத் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தித் துடைத்துவிட்டாள்.

“ஏய், நகரு!” என்று ஏணியார் கத்துவதற்குள் யானை சாய்ந்துவிட்டது.

முதலில் ஓடியவர் அவர்தான். அவ்வளவு கனத்தையும் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தினார். ஆனாலும் கடுகின் கணுக்கால் முறிந்துதான் போயிருந்தது.

“பெரிய மாப்பிள்ளை மட்டும் இல்லேன்னா காலே போயிருக்கும்” என்று மாமியார் கண்ணைத் துடைத்தார்.

கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த கடுகு, “நீங்க இருந்தீங்க, பொழச்சேன் அண்ணே” என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஏணியாருக்கு அடுப்பில் கை வைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் வண்டியை உருட்டிக்கொண்டே பட்டறைக்குப் போனார். பாரத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டுமே!

“அறிவிருக்காய்யா உனக்கு? வண்டியை இறக்கினா ஸ்டாண்டையும் வெட்டணும்னு தெரியாது? அங்க ஒரு மனுஷன் காலொடிஞ்சு கெடக்கிறான்!”

மெக்கானிக் பதறிப்போய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “ஐயோ! வெட்டத்தான் சார் போனேன். அவருதான் விடல. இதை அப்படியே வை, எனக்குக் குட்டையா தனியா ஒண்ணு செஞ்சு கொடு, அதுவரைக்கும் நானே பார்த்து நிறுத்திக்கறேன்னாரு.”

“ஏனாம்? வெட்டினா கொறைஞ்சு போயிடுவானாமா?”

“அவருக்கு ஒரு சகலை இருக்காராம் சார், நல்ல உயரமாம். ‘கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இந்த வண்டிக்கு ஏங்குற மனுஷன்யா அவரு. ஒரு மாசம் நான் ஓட்டினா, மறுமாசம் அவரு ஓட்டணும். அப்ப நீ வண்டியைப் பழைய உயரத்துக்கு ஏத்திக் கொடுப்பே, ஆனா வெட்டின ஸ்டாண்டு வளருமா? வண்டி அளவுக்கு மீறிச் சாஞ்சு, எங்க அண்ணன் காலை ஒடிச்சுரும்’னாரு.”